ஒரே ஒரு யூனிட் கூடினால் ரூ.243 எகிறும்... குளிர்கால கரண்ட் பில்லை நீங்களே கண்காணிப்பது எப்படி?

ஊட்டி தலைகுந்தாவில் புல்வெளி வெள்ளையாக உறைந்து கிடக்கும் படங்கள் மார்கழி பிறந்தாலே செய்திகளில் வந்துவிடும். கொடைக்கானல், குன்னூர் பக்கமும் இதே கதைதான். சமவெளியில் அந்த அளவு குளிர் இல்லை. ஆனாலும் விடிகாலை தொட்டித் தண்ணீரில் கை வைத்தால் சுரீர்னு இருக்கும். அதனால், ஒன்பது மாதம் சும்மா கிடந்த கீசர் சுவிட்ச் இப்போது தினமும் ஆன் ஆகிறது.

ஏசி ஓடவில்லை, ஃபேன் கூட பாதி வேகத்தில்தான் ஓடுது. அப்புறம் எப்படி பில் கூடுது? மலை மாவட்ட மக்களும், கீசர் இல்லாமல் குளிக்காத சமவெளி வீடுகளும் பிப்ரவரியில் கேட்கும் கேள்வி இது. பதில் இரண்டு இடத்தில் இருக்கிறது. ஒன்று பாத்ரூமில். இன்னொன்று, பலரும் கவனிக்காத மின் கட்டண அட்டவணையில். இரண்டாவதில் இருந்து தொடங்கலாம். பணம் போவது அங்கேதான்.

அதென்ன 500 யூனிட் கணக்கு?

தமிழ்நாட்டில் வீட்டு மின் இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கெடுப்பு. முதல் 100 யூனிட் எல்லா வீட்டுக்கும் இலவசம். அதுக்கு மேல், 2024 ஜூலையில் அமலுக்கு வந்த கட்டணப்படி, 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு ரூ.2.35. 201 முதல் 400 வரை ரூ.4.70. 401 முதல் 500 வரை ரூ.6.30. 2025 ஜூலையில் கட்டணம் மறுபடி உயர்ந்தபோது வீட்டு இணைப்புகளுக்கு அந்த உயர்வை அரசே ஏற்றுக்கொண்டது. அதனால் இந்தக் கட்டுரையில் இந்த எண்களையே எடுத்துக்கொள்கிறோம்.

இந்தக் கணக்குப்படி சரியாக 500 யூனிட் ஓடியிருந்தால் பில் ரூ.1,805.

501 ஓடினால்? 500-க்கு மேல் யூனிட்டுக்கு ரூ.8.40. அப்படியானால் ரூ.1,813 வரும் என்றுதான் யாருமே நினைப்பார்கள். ஆனால் வருவது ரூ.2,048. காரணம், மொத்தம் 500-ஐத் தாண்டிய வீட்டுக்கு அட்டவணையே வேறு. அதில் ரூ.2.35 என்ற படியே கிடையாது. 101-வது யூனிட்டில் இருந்தே ரூ.4.70 போடப்படும். அதாவது, ரெண்டு மாதத்துக்கு முன்னால் நீங்கள் சலுகையில் ஓட்டிய 100 யூனிட்டுக்கும் சேர்த்து இப்போது முழு விலை. அந்த ஒரே ஒரு யூனிட்டின் விலை 243 ரூபாய் 40 காசு.

மற்ற படிகளில் இந்தக் குழி இல்லை. 200-ல் இருந்து 201-க்குப் போனாலும், 400-ல் இருந்து 401-க்குப் போனாலும் கூடுதல் யூனிட்டுக்கு மட்டும்தான் கூடுதல் காசு. 500-ல் மட்டும்தான் பின்னாலும் திரும்பிப் பார்த்துக் கணக்குப் போடுவார்கள். சாதாரணமாக 350, 400 யூனிட் ஓடும் நடுத்தர வீடு அந்தக் கோட்டுக்குப் பக்கத்தில் போவது வருஷத்தில் இரண்டு முறை. ஒன்று ஏசி ஓடும் கோடை. இன்னொன்று, மலையில் இருப்பவர்களுக்கு, இந்தக் குளிர்.

வெந்நீருக்கு எவ்வளவு யூனிட்?

இதுக்கு ஒரு எளிய சூத்திரம் இருக்கிறது. எத்தனை லிட்டர் தண்ணீர், எத்தனை டிகிரி சூடாக்குகிறீர்கள், இரண்டையும் பெருக்குங்க. வருவதை 860 ஆல் வகுங்க. அவ்வளவுதான், யூனிட் வந்துவிடும்.

20 லிட்டர் பக்கெட் ஒன்று. சென்னையில் ஜனவரி காலையில் தொட்டித் தண்ணீர் 25 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். 40 டிகிரிக்குக் கொண்டுபோக 15 டிகிரி ஏற்றணும். 20 பெருக்கல் 15, வகுத்தல் 860. ஏறத்தாழ 0.35 யூனிட். அதே பக்கெட் ஊட்டியில் 14 டிகிரியில் இருந்து 42-க்குப் போகணும். குளிரில் கொஞ்சம் சூடாகவே கேட்கும் இல்லையா? 28 டிகிரி. 0.65 யூனிட். ஒரே பக்கெட், கிட்டத்தட்ட இரண்டு மடங்கு கரண்ட்.

இந்தச் சூத்திரம் கீசர், வாட்டர் ஹீட்டர் ராடு, கெட்டில் எல்லாத்துக்கும் பொருந்தும். தண்ணீரைச் சூடாக்க இவ்வளவு ஆற்றல் வேண்டும் என்பது மாறாது. எந்த பிராண்ட் வாங்கினாலும் இதுக்குக் கீழே இறங்க முடியாது. '3 கிலோவாட் கீசர் அதிகம் இழுக்கும், 2 கிலோவாட் கம்மியா இழுக்கும்' என்று கடையில் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். 3 கிலோவாட் சீக்கிரம் சுட வைத்து நிற்கும், 2 கிலோவாட் மெதுவாகச் சுட வைத்து நிற்கும். யூனிட் கிட்டத்தட்ட ஒன்றுதான். வித்தியாசம் வருவது, சுட வைத்த தண்ணீரை எவ்வளவு நேரம் வீணாக ஆறவிடுகிறோம் என்பதில்.

ஒரு வீட்டுக் கணக்கு

குன்னூர் மாதிரி ஊரில் நான்கு பேர் இருக்கும் வீடு என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். ஃபிரிட்ஜ், லைட், டிவி, மிக்ஸி, மோட்டார் எல்லாம் சேர்த்து இரண்டு மாதத்துக்கு 340 யூனிட். இதுவரை பில் ரூ.893.

இப்போது நான்கு பேருக்கும் தினமும் ஆளுக்கு ஒரு 20 லிட்டர் பக்கெட் வெந்நீர். சூத்திரப்படி ஒரு நாளைக்கு 2.6 யூனிட். கீசர் டேங்கிலும் குழாயிலும் ஆறிப்போவதையும் சேர்த்தால் 3 யூனிட். 60 நாளில் 180. மொத்தம் 520 யூனிட். பில் ரூ.2,208.

அதாவது வெந்நீருக்கு மட்டும் ரூ.1,315. யூனிட்டுக்கு ரூ.4.70 என்று நினைத்துக்கொண்டிருந்த குடும்பம் வெந்நீருக்கு உண்மையில் கொடுத்தது ரூ.7.30.

இதே வீடு 25 யூனிட்டை மட்டும் குறைத்து 495-ல் நின்றால் பில் ரூ.1,773.50. மிச்சம் ரூ.434.50. குறைத்த ஒவ்வொரு யூனிட்டுக்கும் 17 ரூபாய்க்கு மேல் கையில் நிற்கிறது. கரண்ட் சிக்கனத்தில் இவ்வளவு லாபம் வேறெங்கும் கிடையாது.

60 நாளில் 25 யூனிட் என்றால் என்ன? பெரிய தியாகம் ஒன்றும் இல்லை. ஆளுக்கு 20 லிட்டருக்குப் பதில் 17 லிட்டர், அதாவது மூணு சொம்பு குறைச்சு ஊத்தினா 23 யூனிட் வந்துவிடும். இல்லையென்றால் 42 டிகிரிக்குப் பதில் 39 டிகிரியில் குளித்தால் 17 யூனிட். பாதி இது, பாதி அது என்றாலும் சரி. ஆனால் 520-ல் போய் நிற்கப் போகிறோம் என்பது பில் வந்த பிறகு தெரிந்து என்ன பயன்? முன்னாடியே தெரியணும்.

மீட்டரை நீங்களே படிங்க

மின்வாரிய ஊழியர் வந்து ரீடிங் எடுத்து, போனுக்கு மெசேஜ் வரும்போதுதான் நம்மில் பலருக்கு யூனிட் கணக்கே தெரிகிறது. மாதம் ஒருமுறை கணக்கெடுப்பு என்பது 2021 சட்டமன்றத் தேர்தலில் திமுக கொடுத்த வாக்குறுதி. ஸ்மார்ட் மீட்டர் வந்த பிறகு நடக்கும் என்று சொல்லப்பட்டு வந்தது. வீட்டு மீட்டர் தானாகவே போனில் கணக்குச் சொல்லும் காலம் வரும்வரை வாரம் ஒருமுறை நாமே பார்ப்பதுதான் வழி.

வேலை இதுதான். கடைசியாக ரீடிங் எடுத்த தேதியும் எண்ணும் தெரியணும். வெள்ளை அட்டையில் எழுதியிருந்தால் அதில் இருக்கும். இல்லையென்றால் மின் பகிர்மானக் கழக இணையதளத்தில் உங்க மின் இணைப்பு எண்ணைப் போட்டால் பழைய பில் விவரம் வரும். அதைக் குறித்துக்கொள்ளுங்க. பிறகு ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமை காலையிலும் மீட்டரை ஒரு போட்டோ எடுங்க. போட்டோவில் தேதி தானாகவே பதிவாகிவிடும், தனி நோட்டு வேண்டாம். அடுக்குமாடியில் மீட்டர் கீழே இருக்கா? பால் வாங்கப் போகும்போது எடுத்துட்டு வாங்க.

மீட்டர் திரையில் எண்கள் மாறி மாறி ஓடும். தேதி, நேரம், வோல்டேஜ், அப்போதைய லோடு எல்லாம் வரும். நமக்கு வேண்டியது 'கிலோவாட் ஹவர்' என்ற குறியோடு வரும் எண் மட்டும். இந்த வார எண்ணில் இருந்து போன வார எண்ணைக் கழித்தால் ஒரு வாரச் செலவு.

500 யூனிட்டை 60 நாளுக்குப் பிரித்தால் ஒரு நாளைக்கு 8.3. வாரத்துக்கு 58. உங்க வாரக் கணக்கு 45, 50 என்று போனால் கவலையே வேண்டாம், இந்தக் கட்டுரையை இங்கேயே மூடிவிட்டு வேறு வேலை பார்க்கலாம். 55-க்கு மேல் போனால் கோட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறீர்கள். 30-வது நாளில் 250-ஐத் தாண்டியிருந்தால் மீதி மாதத்தில் ஏதாவது மாற்றியே ஆகணும். குறி 500-ல் வைக்காமல் 485-ல் வைப்பது நல்லது. ரீடிங் எடுப்பவர் ரெண்டு நாள் தள்ளி வந்தால் அந்த ரெண்டு நாள் செலவும் இதே பில்லில்தான் ஏறும்.

80, 90 என்று போகும் வீடுகள்? இரண்டு ஏசி, இரண்டு கீசர், மாடியில் வாடகைக்கு ஒரு குடும்பம் என்றால் 500-க்குள் வருவது நடக்காத காரியம். அவர்கள் அந்தக் கோட்டை மறந்துவிடலாம். ஆனால் 601-ல் இருந்து யூனிட்டுக்கு ரூ.9.45, 801-ல் இருந்து ரூ.10.50, ஆயிரத்தைத் தாண்டினால் ரூ.11.55. அங்கே குறைக்கும் ஒவ்வொரு யூனிட்டும் அந்த விலைக்கு மிச்சம்தான்.

அந்த சிவப்பு லைட்டைப் பார்த்திருக்கீங்களா?

மீட்டரில் சின்னதாக ஒரு சிவப்பு லைட் விட்டு விட்டு மின்னும். அது சும்மா மின்னவில்லை. ஒரு யூனிட்டுக்கு எத்தனை முறை மின்னும் என்று மீட்டர் முகப்பிலேயே அச்சிட்டிருக்கும். 3200 என்று இருந்தால், 3200 முறை மின்னினால் ஒரு யூனிட் முடிந்தது என்று அர்த்தம். சில மீட்டரில் 1600 என்றும் இருக்கும்.

ஒருநாள் ராத்திரி தூங்கப் போகும் முன் ஃபிரிட்ஜ் உட்பட எல்லாத்தையும் ஒரு அஞ்சு நிமிஷம் அணைச்சுட்டு இந்த லைட்டைப் பாருங்க. மெயின் சுவிட்சை அணைக்க வேண்டாம், தனித்தனி சுவிட்ச் மட்டும். லைட் அசையாமல் இருந்தால் நல்லது. 3200 மீட்டரில் நிமிஷத்துக்கு ஒருமுறை மின்னினால் கூட, ஏதோ ஒன்று 19 வாட் அளவுக்கு இழுத்துக்கொண்டே இருக்கிறது. 60 நாளில் அது 27 யூனிட். மேலே சொன்ன குன்னூர் வீடு தேடிக்கொண்டிருக்கும் 25 யூனிட் இதிலேயே வந்துவிடுகிறது!

யார் இழுப்பது? பெரும்பாலும் மாட்டிய இடத்திலேயே கிடக்கும் சார்ஜர், வைஃபை ரௌட்டர், ரிமோட்டில் மட்டும் அணைத்த டிவி, அப்புறம் செட்டாப் பாக்ஸ். ஒரு டிவி சேனல் இணையதளத்தில் இதைச் சொல்வது வேடிக்கைதான். இருந்தாலும் சொல்லிவிடுகிறோம்: பார்க்காத நேரத்தில் செட்டாப் பாக்ஸை சுவிட்சில் அணையுங்க. எல்லாத்தையும் அணைத்த பிறகும் லைட் வேகமாக மின்னினால் வயரிங்கில் கசிவு இருக்கலாம். உடனே எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்க. அது பில் விஷயம் மட்டும் இல்லை, ஷாக் அடிக்கும் விஷயம்.

உங்க பில்லில் எந்த மாதக் குளிர்?

'எங்க வீட்டுக்கு 2,200 வந்திருக்கு, பக்கத்து வீட்டுல அதே கீசர், அதே ஆளுங்க, 1,400 தான். மீட்டர்ல கோளாறோ?' இப்படி ஒரு சந்தேகம் தெருவுக்குத் தெரு உண்டு. மீட்டரைச் சந்தேகிக்கும் முன் ரீடிங் தேதியைப் பாருங்க.

தமிழ் இலக்கணத்தில் ஒரு வருஷத்தை ஆறு பெரும்பொழுதாகப் பிரித்திருக்கிறார்கள். ஒவ்வொன்றும் இரண்டு மாதம். மார்கழியும் தையும் முன்பனி, மாசியும் பங்குனியும் பின்பனி. மின்வாரியமும் வருஷத்துக்கு ஆறு பில்தான் போடுகிறது. ஆனால் ரெண்டு கணக்கும் எல்லா வீட்டுக்கும் ஒத்துப்போகாது. டிசம்பர் முதல் வாரத்திலும் பிப்ரவரி முதல் வாரத்திலும் ரீடிங் எடுக்கும் வீட்டுக்கு முன்பனி கிட்டத்தட்ட முழுக்க ஒரே பில்லில் விழும். ஜனவரி முதல் வாரத்தில் எடுக்கும் பக்கத்துத் தெருவுக்கு அதே குளிர் இரண்டு பில்லில் பாதிப் பாதியாகப் பிரிந்துவிடும். இரண்டுமே 500-க்குள் நிற்கும். ஒரே அளவு செலவு, வேறு வேறு பில். நியாயமா என்றால், இல்லைதான். ஆனால் கோடு அப்படித்தான் போட்டிருக்கிறது.

டிசம்பர்-பிப்ரவரி வீடுகள் இதைத் தெரிந்து வைத்துக்கொண்டால் ஒரு வசதி உண்டு. ரீடிங்குக்கு நாலு நாள் இருக்கும்போது 480-ல் நிற்கிறீர்களா? கம்பளி, பெட்ஷீட் எல்லாம் வாஷிங் மெஷினில் வெந்நீர் மோடில் துவைப்பதை ரீடிங் முடிந்த மறுநாளுக்குத் தள்ளி வைக்கலாம். இதில் தப்பு எதுவும் இல்லை.

கீசரை எப்படிப் பயன்படுத்துவது?

'அடிக்கடி அணைச்சுப் போட்டா அதிகம் கரண்ட் இழுக்கும், ஆன்லயே விட்டுடு' என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. அது சரியல்ல. டேங்கில் இருக்கும் தண்ணீர் எவ்வளவு நேரம் சூடாக நிற்கிறதோ, அவ்வளவு நேரமும் அது வெளியே சூட்டை இழந்துகொண்டே இருக்கும். இழந்ததை ஈடுகட்ட கீசர் திரும்பத் திரும்ப ஓடும். குளிர் கூடினால் இழப்பும் கூடும். அணைத்து வைத்து, தேவைக்கு முன் ஆன் செய்வதுதான் எப்போதும் குறைவு. 15 லிட்டர், 2 கிலோவாட் கீசர் மலைக்குளிரில் கூட 20 நிமிஷத்தில் தயாராகிவிடும். காலையில் ஒருவர், அரை மணி கழித்து ஒருவர், பத்து மணிக்கு ஒருவர் என்று இல்லாமல் அடுத்தடுத்துக் குளித்தால் ஆறிப்போவது குறையும். பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் இது எவ்வளவு கஷ்டம் என்று தெரியும், முடிந்தவரைக்கும்.

தெர்மோஸ்டாட் திருகி இருந்தால் 75-ல் வைத்துவிட்டு அப்புறம் பச்சைத் தண்ணீர் கலப்பதில் அர்த்தம் இல்லை. 50-ல் இருந்து 60-க்குள் போதும். அதுக்காக 40-க்கு இறக்கி நாள்கணக்கில் தேக்கி வைக்கவும் கூடாது, வெதுவெதுப்பாக நிற்கும் தண்ணீரில் கிருமி வளரும்.

புதுசு வாங்குவதாக இருந்தால் ஸ்டார் லேபிளைப் பாருங்க. ஏசி லேபிள் மாதிரி இல்லை இது. கீசருக்கு ஸ்டார் கொடுப்பதே, சூடான தண்ணீரைச் சும்மா வைத்திருந்தால் 24 மணி நேரத்தில் எவ்வளவு இழக்கிறது என்பதை வைத்துத்தான். எப்போதும் ஆனில் விடும் வீட்டுக்கு 5 ஸ்டார் பெரிய வித்தியாசம் தரும். 20 நிமிஷம் போட்டு அணைக்கும் வீட்டுக்கு அவ்வளவு தராது. உப்புத் தண்ணீர் ஊர்களில் எலமென்ட் மேல் படியும் வெள்ளைப் படலத்தால் யூனிட் தாறுமாறாக ஏறும் என்று சொல்வதும் கொஞ்சம் மிகை. எலமென்ட் தண்ணீருக்குள்ளேதானே இருக்கிறது, சூடு வேறெங்கே போகும்? ஆனால் எலமென்ட் சீக்கிரம் எரிந்துபோகும், அந்தச் செலவு உங்களுக்கு.

ராடு போடும் வீடுகளுக்கு ஒரே ஒரு வார்த்தை. சுவிட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கிய பிறகுதான் தண்ணீரைத் தொடணும். வீட்டில் ஆர்.சி.டி. என்ற கசிவுத் தடுப்பு பிரேக்கர் இல்லையென்றால் முதல் செலவு அதுக்குத்தான்.

கேஸில் வெந்நீர் போட்டால் லாபமா?

14.2 கிலோ சிலிண்டர் ரூ.870 என்று வைத்துக்கொண்டால், அடுப்பில் வீணாகும் சூட்டைக் கழித்த பிறகு, ஒரு யூனிட் கரண்டுக்குச் சமமான வெந்நீருக்கு ரூ.7.50-ஐ ஒட்டி ஆகிறது. ரூ.4.70 படியில் இருக்கும் வீட்டுக்கு கரண்ட்தான் மலிவு. 500-ஐத் தாண்டும் அபாயத்தில் இருக்கும் வீட்டுக்கு, கடைசி பத்து நாள் அடுப்பில் போட்டுக்கொள்வது லாபம். மொட்டை மாடியில் வெயில் விழும் சொந்த வீடு என்றால் சோலார் வாட்டர் ஹீட்டர் இந்தக் கணக்கையே மாற்றிவிடும். மேகமூட்டமான நாளில் மட்டும் கரண்ட் துணை தேவைப்படும்.

ரூம் ஹீட்டர்: இங்கே கவனம் வேறு

2000 வாட் ஹீட்டர் ஒரு மணி நேரம் ஓடினால் 2 யூனிட். ராத்திரி மூன்று மணி நேரம் என்றால் 6. இரண்டு மாதத்தில் 360 யூனிட். கீசரை விட இரண்டு மடங்கு. ஆயில் ஹீட்டர், ஃபேன் ஹீட்டர், ராடு ஹீட்டர் எதுவாக இருந்தாலும் ஒரே வாட்டுக்கு ஒரே சூடுதான். 'ஆயில் ஹீட்டர் கரண்ட் தின்னாது' என்பது விளம்பரப் பேச்சு. உண்மையிலேயே குறைவாக இழுப்பது, சூடும் தரும் வகை ஏசி. அது சூட்டை உருவாக்குவதில்லை, வெளியே இருந்து உள்ளே இழுத்துக் கொண்டுவருகிறது. அதனால் ஒரு யூனிட்டுக்கு ஏறத்தாழ மூன்று மடங்கு சூடு. வெளியே ரொம்பக் குளிர்ந்தால் அது கொஞ்சம் குறையும்.

அறையைச் சூடாக்குவதை விட ஆளைச் சூடாக்குவது மலிவு. இரண்டு லிட்டர் வெந்நீர்ப் பையைச் சுட வைக்க 0.15 யூனிட் கூட ஆகாது, போர்வைக்குள் வைத்தால் தூங்கும்வரை தாங்கும். கதவுக்குக் கீழே இருக்கும் இடைவெளியில் பழைய துணியைச் சுருட்டி வைப்பது, ஜன்னலுக்குக் கனமான திரை, இதெல்லாம் மலைவாசிகளுக்கு நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ஆனால் ஒரு எல்லை உண்டு. வீட்டுக்குள் குறைந்தது 18 டிகிரி இருக்க வேண்டும் என்பது, குளிர் பகுதிகளுக்கு உலக சுகாதார நிறுவனம் 2018-ல் சொன்ன அளவு. வயதானவர்கள், கைக்குழந்தை, ஆஸ்துமா, இதய நோய் உள்ளவர்கள் இருக்கும் அறையில் 434 ரூபாய்க்காக ஹீட்டரை அணைக்க வேண்டாம். அந்த யூனிட்டை வேறு எங்காவது மிச்சம் பிடிங்க.

இன்னொன்று, கரண்டை மிச்சம் பிடிக்கிறேன் என்று அறைக்குள் கரி அடுப்பு, தணல் சட்டி வைத்துக் கதவைச் சாத்தித் தூங்குவது. ஊட்டி, கொடைக்கானலில் இப்படித் தூங்கியவர்கள் காலையில் எழாமலே போன செய்திகளை இதே பக்கத்தில் நாங்கள் போட்டிருக்கிறோம். கரியில் இருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, கண்ணும் எரியாது. தூக்கத்திலேயே மயக்கம், அப்புறம் மரணம். புகை தெரியவில்லை என்பதால் தணல் பாதுகாப்பானது இல்லை. காற்று போக வழியில்லாத பாத்ரூமில் கேஸ் கீசர் மாட்டுவதும் இதே ஆபத்துதான்.

வாடகை வீட்டில் இருக்கீங்களா?

மேலே சொன்ன கணக்கெல்லாம் தனி மின் இணைப்பு இருந்தால்தான். ஒரே இணைப்பில் மூன்று போர்ஷன், ஆளுக்கொரு சப் மீட்டர், யூனிட்டுக்கு இவ்வளவு என்று உரிமையாளர் சொல்லும் ரேட். இப்படி இருக்கும் வீடுகளில் மூன்று குடும்பத்தின் யூனிட்டும் ஒன்றாகச் சேர்கிறது. ஆளுக்கு 200 ஓட்டினாலே மொத்தம் 600. இலவச 100 யூனிட்டும் மூன்று குடும்பத்துக்குச் சேர்த்து ஒரே ஒரு முறைதான். தனி இணைப்பு இருந்தால் 200 யூனிட்டுக்கு ரூ.235 கட்ட வேண்டிய குடும்பம், இங்கே மொத்த பில் ரூ.2,880-ஐ மூன்றாகப் பிரித்தால் கூட ரூ.960 கட்டுகிறது. உரிமையாளர் ஒரு பைசா லாபம் வைக்காவிட்டாலும் இதுதான் நிலை.

இந்த வீட்டில் நீங்கள் மட்டும் மூணு சொம்பு குறைச்சு ஊத்தி ஆகப்போவது குறைவுதான். கேட்க வேண்டியது இரண்டு. மொத்த பில்லைக் காட்டச் சொல்லுங்க, மெயின் மீட்டரில் எவ்வளவு ஓடியது என்று மூன்று குடும்பத்துக்கும் தெரியட்டும். முடிந்தால் போர்ஷனுக்குத் தனி இணைப்பு வாங்கித் தரச் சொல்லி உரிமையாளரிடம் பேசிப் பாருங்க.

வாரக் கணக்கு எடுத்த போட்டோக்களுக்கும் பில்லுக்கும் பொருந்தவில்லை என்றால் அந்த போட்டோக்களோடு உங்க பகுதி மின்வாரிய உதவிப் பொறியாளர் அலுவலகத்தில் எழுதிக் கொடுக்கலாம். மீட்டரைச் சோதிக்கச் சொல்லியும் கேட்கலாம், அதுக்குத் தனிக் கட்டணம் உண்டு. மின்னகம் புகார் எண் 94987 94987, 24 மணி நேரமும் இயங்குகிறது. புகார் எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ளுங்க.